எனக்குக் கத்தத் தெரியாது என்று சொல்லப் போனேன்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஓட்டை லாரி ஒன்றில் தொடங்கி, மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் ஆறு லாரிக்கு முதலாளியானேன். மாடி வீடு கட்டினேன். ஐம்பது வயதில் கணினியும் கற்றேன். இணையம் வந்த புதிதில் பினாங்குத் தமிழர்களின் மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். எல்லாமே பெரிய எழுத்து. லாரிக் கதவில் அப்படித்தானே எழுதுவோம்.

குழுவை நடத்தியவர் ஓர் அலுவலகக் கிராணி, கோப்பெழுதும் குமாஸ்தா. ஒல்லியான ஆள், பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். குழுவில் அத்தனை பேரும் பார்க்க எனக்கு எழுதினார்: “கத்தாதீர்கள். இன்னொரு முறை கத்தினால் நீக்கிவிடுவேன்.”

விலாசம் விசாரித்து, மறுநாளே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

“நான் எங்க கத்துனேன்?”

“பெரிய எழுத்துல எழுதுனா கத்துறதா அர்த்தம், அண்ணே. இணையத்துல அப்படி எழுதாம இருக்குறதுதான் மரியாதை.”

“தெரியாதவன எல்லாரு முன்னாலயும் ஏசுறது எந்த ஊரு மரியாதை லா? தனியா ஒரு வரி எழுதுனா கை தேஞ்சிருமா? என் மருமகன் படிச்சுட்டுச் சிரிக்கிறான்!”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் குழுவில் ஒரு புது விதி வந்தது: தவறு செய்பவருக்கு முதலில் தனிமடல்தான். மன்னிப்பு மட்டும் வரவில்லை. அவர் வெட்கப்பட்டாரா, என்னைப் பார்த்துப் பயந்தாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த விதி என்னால் வந்தது. குழுவின் கதையை எழுதுகிறவர்கள் அதையும் எழுத வேண்டும்.