தேவா லயனின் பஸ் பாட்டு

தேவா போய்விட்டான் என்ற செய்தி எனக்கு வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. மொன்றியல் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு மூலையிலுள்ள தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்கார ஹெயிட்டிக்காரர் ரேடியோவைக் காட்டி, உங்கள் பாட்டுக்காரர் மாரடைப்பில் இறந்துவிட்டாராம் என்று பிரெஞ்சில் சொன்னார். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது! அவனை ரெகே பாட்டுக்காரன் ஆக்கிய எனக்கு! "ஆஸ்பத்திரிக்குப் போறன் அண்ணை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டான். அதுதான் தேவா.

ஆக்கியது நான்தான், சந்தேகம் வேண்டாம். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் இருவரும் பெட்டி அடுக்கினோம். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஜமேக்காக்காரர் அவனுக்கு அந்த ரெகே தாளத்தைப் பழக்கினார். சரி, தாளம் அவருடையது. தொண்டை கட்டிய நாட்களில் இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தது யார்? அது இல்லாவிட்டால் லண்டன் மேடையும் இல்லை, டோக்கியோ மேடையும் இல்லை.

பெயர் வைக்கும்போதாவது என்னைக் கேட்டானா? தேவா லயனாம்!

"விசரா, பேருக்குப் பின்னால இலங்கைக் கொடியில நிக்கிற சிங்கத்தைக் கட்டினா எங்கட சனம் மண்டபத்துக்கு வருமோ? வேற மிருகம் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"அண்ணை, இது ஆபிரிக்கச் சிங்கம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு யார் சண்டை பிடிப்பது?

குளிரில் பஸ் வராமல் நின்ற எரிச்சலை அவன் தமிழில் பாடியதுதான் பஸ் பாட்டு. அதைப் பாட ஜமேக்காவில் கிங்ஸ்டனுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனான். ஒரு லட்சம் சனம். வெளியே நின்றவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சம். ஒரு சொல் விளங்காமல் எங்கள் பியர்பொன்ட்ஸ் பஸ்ஸுக்காக அத்தனை பேரும் ஆடினார்கள். பாதிப் பாட்டில் திடீரென்று சுவரிலும் தகரத்திலும் அடிக்கத் தொடங்கினார்கள். அவன் டக்கென்று நிறுத்தினான். கலவரம் என்று நினைத்து நான் வாசலைத் தேடினேன். பேந்துதான் விளங்கப்படுத்தினான்.

"பாட்டுப் பிடிச்சா அடிச்சு நிப்பாட்டுவினம் அண்ணை. முதல்ல இருந்து பாடோணும். அதைவிட மரியாதை அங்க இல்லை. எங்கட சனம் ஒருக்கா அப்பிடி நிப்பாட்டினா எனக்குப் போதும்."

உலகம் சுற்றுகிறவன் அந்த ஆசையோடுதான் ஒவ்வொரு வருடமும் மொன்றியலில் எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் வந்து பாடினான். எங்கள் சனம் மரியாதையான சனம். கைகட்டி இருந்து கேட்கும். பாதிப் பாட்டில் குரலை இழுத்துப் பார்ப்பான். ஒரு சத்தமும் வராது. அந்த இடைவெளியில், பாட்டு முடிந்துவிட்டதென்று சங்கத் தலைவர் கந்தசாமி மாஸ்டர் பொன்னாடையோடு மேடையேறிவிடுவார். போர்த்தி, நன்றியுரையும் சொல்லி, எல்லாரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவார். அவன் மனைவி மாலினியின் அலுமாரி முழுக்கப் பொன்னாடை.

"நான் சனத்துக்குச் சொல்லிவிடட்டோ?" என்று கேட்டேன்.

"சொல்லிச் செய்தா அது என்னத்துக்கு?"

"அப்ப நானாவது அடிக்கிறன்."

"நீங்கள் அடிச்சாக் கணக்கில்லை அண்ணை. நீங்கள் என்ர ஆள்."

இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனைத் தெரிந்த நீங்களே சொல்லுங்கள்.

அஞ்சலி மண்டபத்தில் சவப்பெட்டியில் அவனைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, மாலினி பஸ் பாட்டைப் போட்டாள். சனம் வழக்கம்போலக் கைகட்டி இருந்தது. பனியில் நின்று பஸ்ஸை அவன் திட்டும் இடம் வந்தது. என் கை தானாக எழும்பியது. கணக்கில்லையே என்று மடக்கிக்கொண்டேன். அப்போதுதான் முன்வரிசையில் கந்தசாமி மாஸ்டர் கண்ணைத் துடைத்தபடி கதிரைக் கைப்பிடியில் ஓங்கி அடித்தார்.

"நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு! முதல்ல இருந்து போடு. நான் இதை ஒருநாளும் வடிவாக் கேக்கேல்லை."

பின்னால் இன்னொரு கை அடித்தது. பிறகு சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் சுவரில் அடித்தார்கள். மாலினி அழுதுகொண்டே பாட்டை நிறுத்தினாள். நான் பெட்டியடிக்கு ஓடினேன்.

"டேய் தேவா, அடிக்கினமடா! எழும்பிப் பாரடா!"

என்னைப் பிடித்து இருத்தினார்கள். இன்னும் ஒரு விழாவுக்குப் பொறுத்திருக்கக் கூடாதோ இவன்? காலமெல்லாம் இதற்காக ஏங்கிவிட்டு, கிடைக்கிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பாட்டுத்தான். அதன் கடைசியில் பஸ் வரும், அவன் ஏறிப் போய்விடுவான். நான் காரில் அதைப் போட்டுக் கேட்கிறேன். பாதி வந்ததும் ஸ்டியரிங்கில் அடித்து முதலில் இருந்து போடுகிறேன். கணக்கில்லை என்றால் இல்லாமல் போகட்டும். என் காரில் அவனை இன்னும் பஸ் ஏற விடவில்லை.