அண்ணன் பாட்டில் வளர்ந்த மகள்

எங்கள் பக்கம், குடும்பத்தில் செத்துப்போனவர்களைப் பூவாடை என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவோம். கல்யாணம் வந்தால் முதலில் ஆற்றங்கரையில் பம்பை அடித்து, பாட்டுப் பாடி அவர்களைக் கூப்பிட வேண்டும். யார் மேலாவது இறங்கி "வரேன்" என்றால்தான் செம்பில் தண்ணீர் மொண்டு வீட்டுக்கு அழைத்து வரலாம். எங்கள் பூவாடை என் மகள். ஏழு வயதில் காய்ச்சலில் போனவள்.

அடையாற்றங்கரையில் குடிசை இருந்தவரைக்கும் கூப்பிட்டதும் வந்துவிடுவாள். இப்போது அரசாங்கத்தில் குடிசைகளை இடித்து, எங்களை ஊருக்கு வெளியே மாடி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். மகன் சின்னவனுக்குக் கல்யாணம் கூடியது. அவ்வளவு தூரம் அவள் வருவாளா? வராவிட்டால் பெற்ற பிள்ளையைக் கரையில் தனியாக விட்டு வந்தவளாகிவிடுவேன். மாரியாத்தாவிடம் அழுதேன்.

பாட்டு என் அண்ணனுடையது. ஆட்டோ ஓட்டுகிறவர். கண்ணை மூடினால் பாட்டு வரும். மற்றவர்கள் பூவாடையைச் செத்த வயதிலேயே வைத்துப் பாடுவார்கள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வயது ஏற்றுவார். ஒரு வருஷம் பாட்டில் அவள் ஆற்றுக்கடியில் பள்ளிக்கூடம் போனாள், மீன்களோடு உட்கார்ந்து. கேட்க இனிக்கும், வீட்டுக்கு வந்து அழுவேன்.

இந்தத் தடவை படையலுக்கு தி.நகரில் பாவாடை சட்டை வாங்கிப் போனேன். பழைய கரையில், இடித்த வீட்டுக் கற்களுக்கு நடுவே கற்பூரம் ஏற்றினோம். அண்ணன் துணியைப் பிரித்தார்.

"இன்னாம்மா இது, பாவாடை?"

"கொழந்தைக்கு வேற இன்னா வாங்குவாங்க?"

"தம்பிக்கே கல்யாணம். அக்காக்காரி இன்னும் பாவாடை கட்டிக்கினு நிப்பாளா? நீ கொழந்தைய கூப்ட்டா, திரும்பிப் பாக்க கொழந்த எங்க கீது?"

பம்பைக்காரர் சிரித்தார். "நைனா, சாமிகிட்ட அளவு கேட்டியா? ஆரம்பி, லேட்டாவுது."

அண்ணன் பாடினார். புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு அவள் தண்ணீர்மேல் நடந்து வந்தாள். இல்லாத வீடுகளின் கதவைத் தட்டினாள். இடித்த வாசல்களில் விளக்கு வைத்தாள். கரையில் நாங்கள் எல்லோரும் பறிகொடுத்த பிள்ளைகள் சோறு கேட்டு அவள் பின்னாலேயே வந்தன.

அதோடு எனக்கு நினைவில்லை. விழித்தபோது மஞ்சள் தண்ணீரில் நனைந்து தரையில் கிடந்தேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வந்தாளாண்ணா?"

"வந்தா. உம்மேலதான்."

"இன்னா சொன்னா?"

அண்ணன் செம்பைக் கையில் எடுத்தார். "இந்தப் பசங்கள உட்டுட்டு வர்ல, நீங்க போங்கன்னா."

"ஒரு கை தண்ணி மொண்டுக்கலாம், யாரு கேக்கப் போறா?" என்றார் பம்பைக்காரர்.

"அவ கேப்பா," என்று அண்ணன் செம்பைக் கவிழ்த்தார்.

அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். "கொரலு எப்டி இருந்துச்சி?"

"பெரிய பொம்பள கொரலு."

எல்லாம் மாமாவின் கற்பனை என்கிறான் சின்னவன். சொன்னது என் வாய்தானே. அண்ணன் கண்டதைத்தான் பாடினார். பெற்றவள் எனக்காக ஒரு வரிகூட மாற்றவில்லை.

கல்யாணம் நடந்தது. வந்த மறுநாளே மருமகள், "அத்தை, அக்காவுக்கு எங்க வெளக்கு வெக்கணும்?" என்றாள்.

"இங்க வேணாம்மா," என்றேன். "அவ அடையாத்துலயே இருந்துட்டா."