மிஸ் ஆர்டித்தின் துப்பாக்கியும் பன்னிரண்டு முட்டைகளும்

ஆர்டித் பிளெவின்ஸுக்குச் சொந்தமாக ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் முடியவில்லை.

பதினான்கு மாதங்களாக அது ஹாய்ட் டாக்கெட்டின் துப்பாக்கிக் கடையில் கிடந்தது. அப்பா விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தை விற்று வாங்கியது. முதல் உலகப்போர் காலத்துப் பிரவுனிங். குழலைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற ஒரு உறை, கீழே முக்காலி, ஆவி வெளியேற ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் தகரக் கேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுக்கு முன்பே அரசிடம் பதிவானது என்பதால் சட்டத்தில் தடையில்லை. அரசின் ஒப்புதல் தாள் வரவேண்டும், அவ்வளவுதான்.

வராததற்குக் காரணம் அவளுடைய விரல்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கும் தட்டுகளும் சோப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை அட்டை இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறைக்கு முன் பசுவின் மடிக்குப் பூசும் களிம்பைக் கையில் அப்பி, உறை மாட்டிக்கொண்டு, கோடை விடுமுறையில் மூன்று வாரம் ஒரு பாத்திரத்தையும் தொடவில்லை. கணவன் வெண்டல் சமைத்தான். மூன்று வாரமும் பீன்ஸ்.

"என்னைக் கட்டிக்க நீ இவ்வளவு மெனக்கெடலியே" என்றான்.

"உன்னைத் தர்றேன்னு உங்கம்மா ஒரே நாள்ல சொல்லிட்டாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் கடைக்குப் போய்த் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வருவாள். எண்ணெய்த் துணியால் துடைப்பாள். ஹாய்ட் அவள் கையால் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"ஒரு தடவை சுட்டுப் பாருங்க, மிஸ் ஆர்டித். நான் பக்கத்துலயே நிக்கிறேன். சட்டப்படி தப்பில்ல."

"வேணாம். முழுசா என்னோடதாகட்டும்."

அக்டோபர் விடுமுறை வெள்ளியன்று ஓக்லஹோமாவின் அந்த மூலையில் உள்ள இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு குன்றுக்கு எதிரே கூடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. ஓடாத கார், செத்த குளிர்பெட்டி, ஓட்டைப் படகு என்று சுடுவதற்கு ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து சரிவில் நிறுத்துவார்கள். ஆர்டித் டிராக்டரில் இழுத்து வந்தது பள்ளிக்கூடத்தின் பழைய ரொட்டி அடுப்பு. பத்தொன்பது வருடம் இடது பக்கத்துப் பன்களை மட்டும் கருக்கிய அடுப்பு. ஏலத்தில் அவளைத் தவிர யாரும் கை தூக்கவில்லை.

அன்று காலையிலும் தாள் வரவில்லை. நாற்பது துப்பாக்கிகள் வரிசையில் நின்றன. சரிவில் நிற்பதை யார் வேண்டுமானாலும் சுடலாம் என்பது அங்கே வழக்கம். ஆர்டித் வரிசை நெடுக ஓடினாள்.

"அடுப்பை யாரும் தொடக்கூடாது! அது எனக்கு!"

"அது எங்களுக்கும் எதிரிதான், மிஸ் ஆர்டித்" என்றான் லாயிட் ஸ்பர்லாக் என்ற தடித்த லாரி ஓட்டுநர். "நாலாங்கிளாஸ்ல என் பல்லு ஒண்ணு உங்க பன்னுலதான் போச்சு."

"இடது பக்கத்துப் பன்னா?"

"இடது பக்கம்."

"அப்ப அது என் தப்பில்ல. அஞ்சு மணி வரைக்கும் பொறு. தாள் வரலேன்னா நீயே சுடு."

நாள் முழுக்கக் குன்று அதிர்ந்தது. படகு சிராய்த்தூளானது. கார்களின் கூரை பறந்தது. அவற்றின் நடுவே அடுப்பு மட்டும் ஒரு கீறல் இல்லாமல், வெள்ளைவெளேரென்று, யாரோ இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல நின்றது. ஆர்டித் அதையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஹாய்ட் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். திரையில் ஒரே சொல்: ஒப்புதல். அவள் இரண்டு முறை படித்தாள். சாசேஜ் தின்றுகொண்டிருந்த வெண்டலைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேர் சட்டையிலும் கடுகுச் சாந்து.

"தாளை அச்செடுத்துத் துப்பாக்கியோட கொண்டு வரணும். கடை இருபது மைல்" என்றான் ஹாய்ட்.

"அப்ப ஏன் இன்னும் பேசிட்டு நிக்கிறே?"

நான்கு நாற்பதுக்கு ஹாய்ட்டின் வண்டி புழுதியோடு திரும்பியது. ஆர்டித் உறையில் தண்ணீர் நிரப்பினாள். தகரக் கேனிலும் கொஞ்சம் ஊற்றி, பையிலிருந்து பன்னிரண்டு முட்டைகளை எடுத்து உள்ளே இறக்கினாள்.

"முட்டை எதுக்கு?" என்றான் ஹாய்ட்.

"இவ்வளவு சூட்டையும் வீணாக்கச் சொல்றியா? சமையல்காரிடா நான்!"

யாரும் சொல்லாமலே மற்ற துப்பாக்கிகள் அடங்கின. இருநூற்றைம்பது தோட்டாக்கள் செருகிய துணிப் பட்டை. அவள் விசையை அழுத்தினாள். முதல் ஐந்தாறு மண்ணைக் கிளறின. அடுத்தவை அடுப்பின் கதவைக் கழற்றி எறிந்தன. அதன்பின் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பட்டை தீர்ந்தும் சிரிப்பு தீரவில்லை, விக்கல் வந்தது. அடுப்பு கேரட் துருவியைப்போல ஓட்டை ஓட்டையாக நின்றது. இடது பக்கம்தான் அதிகம்.

வெண்டல் கேனைத் தொட்டுப் பார்த்தான். "வெதுவெதுன்னுதான் இருக்கு."

"அறுநூறு சுட்டாத்தான் தண்ணி கொதிக்கும்" என்றான் ஹாய்ட்.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். அவளிடம் வேறு பட்டை இல்லை. லாயிட் தன்னுடையதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "அதே தோட்டாதான். என் பல்லுக்காகச் சுடுங்க." பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது பட்டையின் நடுவே குழாய் சீறியது. ஆவியைக் கண்டதும் வரிசை முழுக்க விசிலடித்தது. நான்காவது பட்டை முடியவும் ஐந்து மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

கேனுக்குள் கைவிட்ட லாயிட் அலறிக்கொண்டு முட்டையைக் கீழே போட்டான். ஹாய்ட் தொப்பியில் ஏந்திக் குதித்தான். ஆர்டித் வெறுங்கையால் ஒன்றை எடுத்து, முக்காலியின் காலில் தட்டி, நிதானமாக உரித்தாள். வெள்ளை இறுகியிருந்தது, மஞ்சள் வழிந்தது.

"கை சுடலியா?" என்றான் வெண்டல்.

"இந்த விரலுக்கா?" என்றாள், வாய் நிறைய முட்டையோடு. "உப்பு கொண்டு வந்தியா இல்லியா?"