ஆறாவது கட்டு

சாய்ந்தமருது றாஹிலாவின் கைக்கு ஊரில் இரும்புக்கை என்று பேர். நாலு பேர் சேர்ந்து பிழிகிற இடியப்பத்தை ஒற்றையாளாய்ப் பிழிந்து, விடியச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடைக்கு அனுப்பிவிடுவாள். வாயும் லேசுப்பட்டதில்லை. அந்த வாயை அடக்கிப்போட்டது மகள் நதீராவின் இடது கால். பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. வயிற்றில் இருக்கையில் கிரகணம் பார்த்திருப்பாள் என்று சனம் கதைத்தது. கதைக்கிற சனமா நாளைக்கு நடக்கப்போகுது? நடக்கவேண்டியது அவள் பிள்ளை.

செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே, தமிழூரான பாண்டிருப்பிலிருந்து வருகிற தாதி சிவக்கொழுந்து மிஸ் பிள்ளையின் பாதத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல நேர்ப்படுத்தி, நனைத்த பிளாஸ்டரைச் சுற்றிக் கட்டுவார். கிழமைக்கு ஒன்றாக ஆறு கட்டு.

"தங்கச்சி, இடையில விட்டா கால் பழையபடி திரும்பும். மறுகா முதலாவதிலிருந்துதான்," என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். "விரல் நீலம் பிடிச்சா மட்டும் எனக்காகக் காத்திருக்கப்படாது. வினாகிரித் தண்ணியில ஊறவச்சுக் கழட்டிருங்க."

ஐந்தாவது கட்டுப் போட்ட கிழமை ஊர் குழம்பியது. எண்பத்தைந்தாம் ஆண்டு. பஸ் நின்றது, றோட்டு மூடியது, தமிழூரும் சோனக முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பயந்து பார்த்தன. செவ்வாய் வந்து போனது. வெள்ளிக்கிழமை பார்த்தால் பிள்ளையின் விரல்கள் நாவற்பழ நிறம்.

"கழட்டு புள்ள!" என்று புருஷன் ஜவுபர் கத்தினான். வயல் வட்டைக்கும் போக முடியாமல் ஊட்டோடு கிடந்த மனிசன்.

"கழட்டினா அஞ்சு கிழமைப் பாடும் வீண். ஒங்களுக்கென்ன, கத்துவீங்க!"

சொல்லிக்கொண்டே விரலை அமுக்கிப் பார்த்தாள். வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்பவேயில்லை. யா அல்லாஹ்! அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. வினாகிரித் தண்ணிச் சட்டிக்குள் பிள்ளையின் காலை வைத்து, கரைந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். விரல்கள் மெல்லச் சிவந்தன. பாதமும் கிட்டத்தட்ட நேராய் நின்றது. பின்னேரம் அசறுக்குப் பாங்கு சொல்லும்போது பார்த்தாள், முன்பாதம் உள்ளே சரியத் தொடங்கியிருந்தது.

மிஸ் பிடித்த பிடியை நினைத்தாள். பெருவிரல் கணுக்காலுக்கு முன்னால், மற்ற விரல்கள் முன்பாதத்தில், நெரிக்காமல், விடாமல். அப்படியே பிடித்தாள்.

பதினொரு நாள் பிடித்தாள்! இடியப்ப உரல் மூலையில் கிடந்தது. ஜவுபர் சோறு குழைத்து வாயில் ஊட்டினான். கண் செருகினால் பக்கத்து ஊட்டுச் சுபைறா வந்து மாறிப் பிடிப்பாள்.

"அங்க இல்லகா! எலும்பு நெரியும், கொஞ்சம் கீழ பிடி!" என்று றாஹிலா அரைத் தூக்கத்திலும் அவளோடு மல்லுக்கு நிற்பாள்.

"அந்த மிஸ் இனி நம்மட புள்ளையத் தொடுவாவா?" என்று ஒருநாள் ஜவுபர் கேட்டான். அதே கேள்வி தன் நெஞ்சிலும் கிடந்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாய் இருந்தது.

றோட்டுத் திறந்த அன்றே ஜவுபரின் சைக்கிளில் ஏறினாள், பாதத்தை விடாமல். மிஸ் வந்திருந்தார். ஆள் பாதியாய் மெலிந்திருந்தார்.

"தாங்க," என்று பிள்ளையை வாங்கினார். குதியை இழுத்தார், பாதத்தைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார்.

றாஹிலாவுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், முதலாவதிலிருந்தா?"

"எப்ப கழட்டினீங்க?"

"பதினொரு நாளாச்சு."

"இவ்வளவு நாளும் ஆர் பிடிச்சது?"

றாஹிலா கையைக் காட்டினாள். மிஸ் அதைப் பார்த்துவிட்டு, பதிவுக் கொப்பி எழுதுகிற பெண்ணின் காதில் விழும்படி உரக்கச் சொன்னார். "நதீரா. ஆறாவது எண்டு எழுதுங்க."

றாஹிலா வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்டுகள் பயந்தே போனார்கள்.

கட்டுக் காய்ந்ததும் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். அவளுடைய வலது கைப் பெருவிரல் நிமிரவில்லை. இழுத்தாலும் மடங்கியபடியே நின்றது. மிஸ் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, மெல்ல உருவத் தொடங்கினார்.

"விடுங்க மிஸ், வெளியில சனம் நிக்கிது."

"நிக்கட்டும். அடுத்த செவ்வாய் இந்தக் கையையும் மறக்காமக் கொண்டுவாங்க."