மாசாணியம்மாள் எண்ணிய நாட்கள்

மாசாணியம்மாளை நினைத்தால் எனக்கு முதலில் என் மேல்தான் கோபம் வரும். அவள் புருஷன் மேல் வருவது அப்புறம்தான்.

1991-ல் நான் பொள்ளாச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் பிள்ளையில்லை என்று ஆனைமலைப் பக்கத்திலிருந்து அவள் புருஷனோடு வந்தாள். அங்கப்பனுக்குத் தென்னந்தோப்பு. அதிகம் பேசாத மனுஷன். டாக்டரம்மா இருவரையும் பரிசோதித்து, ஒரு குறையும் இல்லை, நாள் பார்த்துச் சேர்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை எழுதியது நான். பன்னிரண்டாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்து, "இந்த நாளத் தவறவிட்டா அப்பறம் என்னைக் கேக்கக்கூடாது, அம்மணி" என்று அதட்டலும் போட்டேன். பெரிய மகாராணி!

எந்த நாளை முதல் நாளாக வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தனியாக வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, ஆவணியில அவருக்கு வேற பொண்ணு கட்டறதுன்னு பேசி முடிச்சுப்போட்டாங்க. இந்த மாசம் நின்னாத்தானுங்க எனக்கு அந்த ஊடு. ஊசி மருந்து ஏதாச்சும் இருந்தாப் போடுங்க."

இன்று எத்தனையாவது நாள் என்று கேட்டேன். அஞ்சாவது என்றாள். வீட்டுக்குத் தூரமானது என்றைக்கு என்று கேட்டால், நேற்றில்லை, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்கிறாள். கணக்கு உதைத்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகிறது.

"அஞ்சுங்கறியே, எங்கிருந்து எண்ணுன?"

"தலைக்குத் தண்ணி வாத்த நாள்ல இருந்துதானுங்க. அதுக்கு முன்னாடி நான் மாட்டுக் கட்டுத்தரையோரம் தனியாத்தான படுத்திருக்கறேன். அந்த நாளெல்லாம் எப்படிங்க கணக்குல சேரும்?"

அவளுக்கு இருபத்தாறு நாளைக்கு ஒரு தரம் தவறாமல் வரும். பன்னிரண்டாம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெடித்துவிடும். ஒரு நாளைக்கு மேல் அது தங்காது. அவளோ ஐந்தாம் நாள் குளித்துவிட்டு, அதை முதல் நாளாக்கி எண்ணி, பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு உண்மையில் பதினாறாம் நாள்தான் தொடங்கியிருக்கிறாள். மற்ற நாட்களில் சேர்ந்தால் சத்து வீணாகும் என்று மாமியார் மகனைத் தோப்புச் சாளைக் குடிசையில் படுக்க வைத்திருக்கிறாள். சீட்டு இல்லாமல் இருந்திருந்தால்கூட என்றாவது ஒரு நாள் தப்பித்தவறிச் சரியாக விழுந்திருக்கும். என் சீட்டு வந்து மூன்று வருஷம், ஒரு மாதம்கூட விடாமல் தப்பாகவே விழுந்திருக்கிறது.

"குளிச்சு ஒரு வாரத்துல வெள்ளை மாதிரி ஏதாச்சும் படுதா?"

"படுமுங்க. கோழிமுட்டை வெள்ளையாட்ட வழவழன்னு, இழுத்தா நூலாட்ட வரும். அடிவயித்துல ஒரு பக்கம் சுருக்குங்கும். ஒடம்புச் சூடுன்னு அத்தை வெந்தயம் ஊற வச்சுக் குடுப்பாங்க."

"அது சூடு இல்ல கண்ணு. அதுதான் நாளு. இந்த வியாழக்கிழமை உனக்கு அந்த நாளு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பஸ்ஸுக்கு ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் திரும்ப வந்து நின்றாள். புதன்கிழமை அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறாராம் அங்கப்பன். வருவதற்கு ஞாயிறு ஆகுமாம்.

"கணக்கு மாறிப்போச்சுன்னு சொன்னேனுங்க. சீட்டுல நாளு இன்னும் வரலையே, கல்யாணத்தை நிறுத்தறதுக்கு நீயா ஏதோ சொல்றேங்கறாரு. நீங்க ஒருக்கா வந்து உங்க வாயால சொல்லிப்போடுங்க, நர்ஸம்மா. உங்க கால்ல உழுகறேன்."

அன்றைக்கே போயிருக்க வேண்டும். லீவு கேட்டால் டாக்டரம்மா எதற்கென்று கேட்பார், நான் எழுதிய லட்சணம் வெளியே வரும், வேலை போய்விடும் என்று பயந்தேன். "நாளைக்கு வாரேன், நீ போ" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் நான் போய் இறங்கியபோது அவரை ஏற்றிக்கொண்டு லாரி காலையிலேயே போய்விட்டிருந்தது. மாமியார் எனக்கு மோர் கொடுத்து உபசரித்தாள். மாசாணியம்மாள் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

அங்கப்பன் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி காளையோடு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து என் சீட்டுப்படி ஒழுங்காக நடந்துகொண்டாராம். இருபத்தாறு நாள் முடிந்ததும் அவள் மறுபடி கட்டுத்தரைக்குப் போனாள். ஆவணி பிறந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து, அவளிடம் வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு உறவைத் தீர்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் வீட்டில் இருந்திருந்தால் நிச்சயம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு வரவேண்டிய அந்த ஒரு நாளை நான் தின்றுவிட்டேன்.

1997-ல் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கயிறு மில்லுக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"இப்ப எனக்கு அந்த நாளு நல்லாத் தெரியுதுங்க, நர்ஸம்மா. மாசாமாசம் தவறாம வருது" என்றாள். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் மில்லுக்குப் போறதில்லீங்க. படுத்தே கெடக்கறேன்."