பூனைக்கு மூக்கடைப்பு

டிக்கெட் பரிசோதகர் பேருந்தில் ஏறினாலே தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், வீட்டுப் பூனை மூக்கடைத்துச் சாப்பிடாமல் சுருண்டு படுத்ததும் ஆடிப்போனார். மருத்துவர் சொன்னபடி குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவிக்கு நடுவே பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈரத்துணியால் அதன் மூக்கைத் துடைத்து, "என் ராஜாத்தி, கொஞ்சம் மூச்சு விடும்மா" என்று கெஞ்சினார்.

வெளியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "போன மாசம் எனக்கு மூக்கடைச்சப்ப, 'தள்ளிப் போய்த் தும்மு'ன்னு சொன்ன ஆளு நீங்கதானே?"

பதிலுக்கு உள்ளே பூனைதான் பலமாக ஒரு தும்மல் போட்டது, அடைப்பு விட்டது. அவர் சட்டையெல்லாம் சளியோடு வெளியே வந்து, மீனை வெதுவெதுப்பாகப் பிசைந்து வைத்தார். பூனை தட்டை வழித்து நக்கியது.

"அடுத்த தடவை உனக்கும் ஆவி பிடிச்சு விடறேன்" என்றார், அசடு வழிய.

"மடியில வச்சுக்கிட்டா?" என்றாள் அவள்.