ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

போன ஞாயிறு, கனடாவின் விட்பி நகரில் ஒரு பிறந்தநாள் விருந்து. நண்பர் சிவத்தின் காரில் நானும் ஏறிக்கொண்டேன். சோறு என்றால் நான் தூரம் பார்ப்பதில்லை. பேச்சு வாக்கில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிற்றைத் தவறவிட்டோம்.

"நான் அதைக் கண்டனான் அப்பா" என்றாள் பின்சீற்றிலிருந்த சிவத்தின் மகள் மது.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"எக்ஸிற்றுக்குத் தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. இண்டைக்குத் தமிழ் மட்டும்தானே..."

சனி, ஞாயிறு தமிழில் மட்டுமே பேச வேண்டும். சிவத்தின் வீட்டுச் சட்டம் அது. அதைப் போடச் சொன்ன மேதை யார்?

"அண்ணை, உது உங்கடை ஐடியா எல்லே?" என்றார் சிவம்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். என் சட்டம் என்னையே கவிழ்ப்பது இது இரண்டாம் முறை. வேறு வழியில்லாமல் பழைய கதையைச் சொன்னேன்.

கனடா வரும் வழியில் ஏஜென்ட் கைவிட்டதில், சீனாவில் ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அங்கே ஆங்கில ஆசிரியன்! அவர்களுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. இரவில் என் படுக்கை, வகுப்பறை மேசைதான்.

ஞாயிறுகளில் மாணவர்களோடு மலையேறுவேன். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் அங்கேயாவது பேசட்டும் என்று ஒரு சட்டம் போட்டேன் — பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும்.

ஒருநாள் வழி தவறினோம். கடைசி பஸ்ஸை விட்டால் வேலை போகும். வேலையோடு மேசையும் போகும். எதிரே ஒரு விவசாயி வந்தார். மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். சட்டம் அல்லவா? ஒருவரும் சீன மொழியில் வழி கேட்கவில்லை. சட்டத்தைத் தளர்த்தினால் என் மரியாதை என்னாவது?

"பஸ்?" என்றேன். கைகளால் ஓட்டிக் காட்டினேன். வாயால் ஹோர்ன்கூட அடித்தேன். அவர் கையை நீட்டி நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்புத் தலைவி ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடித்துக் கையை உயர்த்தினாள். "சேர், ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றார்."

"ஓடுங்கள்!"

"அதோ, கீழே பஸ் போய்விட்டது சேர். நான் இந்த வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது."

நடந்தே ஊர் திரும்பினோம். திங்கட்கிழமை மேசை போனது.

சிவம் விழுந்து விழுந்து சிரித்தார். பின்சீற்றில் மது மட்டும் திரும்பி, கடந்துபோன சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னொரு எக்ஸிற்றும் போயிட்டுது."

"ஐயோ பிள்ளை, ஏன் சொல்லேல்லை?"

"மாமா கதைச்சுக்கொண்டிருந்தவர். பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை கதைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அந்தச் சட்டம் நான் போட்டதல்ல!